மாரத்தான் மீடியா டீமில் வேலை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தாலே புது வாலன்டியர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். நேரம், இடம் என்று வருகிற இடங்களில் சென்னை மாரத்தானை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்: ஜனவரித் தொடக்கம், நேப்பியர் பாலம், அதிகாலை 4 மணிக்குக் கிளம்பும் முழு மாரத்தான். வேறு ஊர் என்றால் மணியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மீடியா டீம்னா போட்டோ எடுக்கிறவங்கதானே? எனக்கு கேமராவே சரியா பிடிக்கத் தெரியாது, நான் வரலாமா?

தாராளமாக வாருங்கள். டீமில் கேமரா பிடிக்கிறவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். நிருபர்களுக்கு பாஸ் கொடுக்க ஆள் வேண்டும். கேமராவிலிருந்து கார்டை வாங்கி மீடியா சென்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். படங்களுக்குப் பெயர் போட, செய்திக்குறிப்பு எழுத, ஜெயித்தவரை மருத்துவப் பரிசோதனைக்கும் பேட்டிக்கும் நடுவில் தொலைந்துபோகாமல் கூட்டிவர என்று இன்னும் பல வேலைகள் இருக்கின்றன.

கேமரா இல்லாத வேலைகளில் முக்கியமானது ஸ்பாட்டர் வேலை. 10, 21, 30, 35 கி.மீ. ஆகிய இடங்களில் ஒருவர் நின்று, முன்னால் போகிறவர்களின் பிப் எண்ணை (சட்டையில் குத்தியிருக்கும் ஓட்டக்காரர் எண்) பார்த்து அனுப்ப வேண்டும். செய்தி ஒரே வரியில் இருக்க வேண்டும்: "30 கி.மீ., 5:41:20, ஆண்கள் 12, 7, 31, அடுத்த ஆள் 40 விநாடி பின்னால்". எத்தனை நேரம் ஓடினார் என்று நீங்கள் கணக்குப் போட வேண்டாம். கடிகாரத்தில் மணி என்ன என்பதை மட்டும் அனுப்புங்கள். 4 மணியைக் கழித்தால் 1:41:20 என்பதை டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொள்வார். இருட்டில், சத்தத்தில், தூக்கக் கலக்கத்தில் மனக்கணக்குப் போட்டால் ஒரு நிமிடமாவது தப்பும்.

எத்தனை மணிக்கு வரணும்? விடிஞ்சதும் வந்தா போதாதா?

போதாது. விடியும்போது முழு மாரத்தானில் முதல் ஆள் வந்து சேர்ந்தே விடலாம். 4 மணிக்குக் கிளம்பியவர் 2 மணி 25 நிமிடத்தில் முடித்தால் மணி 6.25. ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் உதிப்பதோ ஏறத்தாழ 6.30-க்கு.

ஸ்டார்ட்டில் வேலை உள்ளவர்கள் 2.30-க்குள் இடத்தில் இருக்க வேண்டும். சாலையை அடைத்த பிறகு பாஸ் இருந்தாலும் வண்டி உள்ளே வராது, நடந்துதான் வர வேண்டும். ஆட்டோக்காரர் தடுப்புக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஃபினிஷில் நிற்பவர்கள் 4.30-க்கு வந்தால் போதும். ஸ்டார்ட்டும் ஃபினிஷும் ஒரே இடத்தில் இல்லாத பந்தயங்களில் இரண்டுக்கும் ஒரே ஆளைப் போட வேண்டாம். நடுவில் ஊரே அடைபட்டிருக்கும்.

கையில என்னென்ன எடுத்துட்டு வரணும்?

இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், தலையில் மாட்டும் சிறு டார்ச், பேனா, சின்ன நோட்டு. ஓட்டக்காரர் பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்து வாருங்கள். போனில் இருக்கிறதே என்று நினைத்தால், சார்ஜ் தீரும்போது பட்டியலும் சேர்ந்து போகும். பிஸ்கட்டும் தண்ணீரும் வையுங்கள், வாலன்டியர் சாப்பாடு 8 மணிக்கு முன்னால் வராது.

கேமராக்காரர்கள் கூடுதலாக ஒரு காரியம் செய்ய வேண்டும். முதல் நாள் இரவே கேமராவின் கடிகாரத்தைப் போனோடு விநாடி பிசகாமல் சரிசெய்துவிட்டு, போனில் விநாடி ஓடுவதை ஒரு படம் எடுத்து வையுங்கள். எதற்கு என்பது கீழே "என் போட்டோ எங்கே" கேள்வியில் வருகிறது.

பத்து கி.மீ. மாரத்தான், மினி மாரத்தான்னு எழுதினா என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?

மாரத்தான் என்பது ஒரு தூரத்தின் பெயர்: 42.195 கி.மீ. அரை மாரத்தான் 21.0975 கி.மீ. மற்றவையெல்லாம் ஓட்டம்தான். "10 கி.மீ. ஓட்டம்" என்று எழுதுங்கள். சென்னையில் 20 மைல் பிரிவும் உண்டு, அதாவது 32.187 கி.மீ. அதை மாரத்தான் என்று போட்டுவிட்டால், அடுத்த நாள் முழுத் தூரம் ஓடியவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பேச்சில் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். டீமிலிருந்து எழுத்தில் வெளியே போவது மட்டும் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகள் நம்மிடமிருந்துதான் எடுக்கின்றன. "மராத்தான்", "மாரத்தான்" இரண்டில் ஒன்றை முதல் நாளே முடிவு செய்து, கடைசிவரை அதையே எழுதுங்கள்.

இருட்டில எடுத்தா படத்துல பட்டை பட்டையா கோடு விழுது. கேமரா ரிப்பேரா?

கேமராவில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் தெருவிளக்கும் எல்.ஈ.டி. விளக்கும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, விநாடியில் 500-ல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கும்போது மாட்டிக்கொள்கிறது. ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, அதற்கடுத்ததில் குறுக்கே மஞ்சள் பட்டை என்று வரும்.

முதலில் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். பிறகு மெனுவில் ஃப்ளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். அது இல்லாத கேமராவில் ஷட்டர் வேகத்தை விநாடியில் 1/100-க்கு இறக்கி, ஓடுகிறவரோடு கேமராவையும் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். பின்னணி கலைந்து, முகம் மட்டும் தெளிவாக நிற்கும். பத்தில் இரண்டு தேறினாலே நல்ல கணக்கு. நேருக்கு நேர் வருகிறவரை 1/100-ல் எடுக்க முடியாது. அதற்கு லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/500, ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400 முதல் 12800 வரை வேண்டியிருக்கும். ஜெனரேட்டர் விளக்குக் கோபுரம் பக்கத்தில் நின்றால் பாதி ஐ.எஸ்.ஓ. மிச்சம்.

ஓட்டப் பாதையில் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டில் ஓடி வருகிறவர் கண்ணில் ஃப்ளாஷ் அடித்தால் அடுத்த நாலைந்து எட்டு அவர் பார்வையில்லாமல்தான் வைப்பார். சென்னைச் சாலையில் அந்த நாலைந்து எட்டுக்குள் ஒரு மேன்ஹோல் மூடி இருக்கும்.

ஃபினிஷ் லைன்ல எங்க நிக்கிறது? டேப் கிட்டயே நின்னா நல்லா வருமே?

டேப் (முதலில் வருகிறவர் நெஞ்சால் தொடும் துணி நாடா) கிட்டே நின்றால் உங்களுக்கு நல்ல படம் வரும், மற்ற இருபது பேருக்கு உங்கள் முதுகுதான் வரும். கோட்டைத் தாண்டி 15 மீட்டராவது தள்ளி, படி வைத்த மேடையில்தான் எல்லோரும் நிற்க வேண்டும். முன் வரிசை உட்கார்ந்தும், அடுத்தது முட்டி போட்டும், கடைசி வரிசை நின்றும் எடுக்கும். நம் டீம் ஆளுக்கும் இதே விதிதான். வாலன்டியர் சட்டை போட்டுக்கொண்டு குறுக்கே ஓடிப்போய் எடுப்பவர்மேல்தான் நிருபர்களுக்கு முதல் கோபம் வரும்.

டேப் பிடிக்கும் இருவருக்கும் முதல் நாளே ஒத்திகை கொடுங்கள். டேப்பில் உள்ள எழுத்து ஓட்டக்காரர் பக்கம் திரும்பியிருந்தால் கேமராவுக்குத் தெரிவது துணியின் வெறும் பின்பக்கம். எழுத்து கேமராவைப் பார்க்க வேண்டும், தலைகீழாக இருக்கக் கூடாது, மார்பு உயரத்தில் பிடிக்க வேண்டும், நெஞ்சு பட்டதும் விட்டுவிட வேண்டும். இழுத்துப் பிடித்தால் ஓடி வந்தவர் சிக்கி விழுவார்.

பெண்களில் முதலாவதாக வருகிறவரின் படம்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. அவருக்கு முன்னும் பின்னும் அரை மாரத்தான் ஆண்கள் கும்பலாக வந்துகொண்டிருப்பார்கள். கடைசி 200 மீட்டரில் தடுப்பு வைத்து அவருக்குத் தனிப் பாதை விட வேண்டும், முன்னால் ஒரு சைக்கிள் வர வேண்டும். இதைப் பந்தய இயக்குநரிடம் ஒரு மாதம் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள், அன்றைக்குக் காலையில் கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

முன்னால போற லீட் வண்டியில எனக்கும் இடம் கிடைக்குமா?

அநேகமாகக் கிடைக்காது. வண்டியில் ஆறேழு பேர்தான் ஏறலாம், அதில் செய்தி நிறுவனங்களுக்கே பாதி இடம் போய்விடும். பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1967 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை ஓர் அதிகாரி பாதையிலிருந்து பிடித்து இழுக்கப் பார்த்த காட்சி உலகத்துக்குத் தெரிந்ததே, பத்திரிகைக்காரர்களின் வண்டி பக்கத்தில் இருந்ததால்தான். அதனால் அந்த இடத்துக்கு எப்போதும் போட்டி உண்டு.

ஏறுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது: முன்னால் ஓடுகிறவர்கள் மணிக்கு 17, 18 கி.மீ. வேகத்தில் வருவார்கள். வண்டி அவர்களுக்கு நெருக்கமாகப் போனால் எதிர்க்காற்றை மறித்து ஓட்டத்துக்கு உதவியதாகிவிடும், டீசல் புகையும் அவர்கள் முகத்தில்தான் அடிக்கும். முடிந்தால் மின்சார வண்டி கேளுங்கள். ஃபினிஷுக்கு 300 மீட்டர் முன்னால் வண்டி பிரிந்துவிட வேண்டும். பிரிகிற இடத்தில் ஒரு வாலன்டியர் கொடியோடு நின்று, ஓட்டக்காரருக்கு நேர் வழியைக் காட்ட வேண்டும். 1994 நியூயார்க் மாரத்தானில் ஹெர்மான் சில்வா முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், விலகிப்போன போலீஸ் மோட்டார்சைக்கிளைத் தொடர்ந்து தப்பான வழியில் திரும்பிவிட்டார். திரும்பி ஓடி வந்து 2 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பது அவருடைய திறமை.

ஜெயிச்சவர் பேரை டேப் அறுத்த உடனே போட்டுடலாம்ல?

படத்தைப் போடலாம், "முதலில் கோட்டைத் தொட்டவர்" என்று எழுதலாம். "வெற்றியாளர்" என்ற சொல்லும் நேரமும் ரெஃப்ரி கையெழுத்துப் போட்ட தாள் வந்த பிறகுதான். 1980 பாஸ்டனில் ரோஸி ரூயிஸ் பெண்களில் முதலிடம் என்று மாலை போட்டுப் படமெல்லாம் எடுத்துவிட்டார்கள். அவர் முழுப் பாதையும் ஓடவில்லை என்று தெரிந்து, 8 நாள் கழித்துப் பட்டம் ஜாக்குலின் காரோவுக்குப் போனது. இடையிலுள்ள சாவடிகளில் அவரைப் பார்த்தவர்களே இல்லை. மேலே சொன்ன ஸ்பாட்டர் வரிகள் இங்கேதான் கைகொடுக்கும். 21, 30, 35 மூன்றிலும் பிப் எண் பதிவாகாத ஒருவர் திடீரென்று முதலில் வந்தால், கை போனுக்குப் போக வேண்டியது ரெஃப்ரியை அழைக்க.

ரிசல்ட்ல ரெண்டு நேரம் இருக்கே, எதை எழுதுறது?

வெடி வெடித்ததிலிருந்து கணக்கிட்டால் கன் டைம். நீங்கள் அணிந்திருக்கும், நேரம் பதியும் சிப் ஸ்டார்ட் கோட்டைத் தாண்டியதிலிருந்து கணக்கிட்டால் நெட் டைம். பரிசுக்குரிய முதல் இடங்களைக் கன் டைம்தான் தீர்மானிக்கிறது, செய்திக்குறிப்பில் அதை எழுதுங்கள். கூட்டத்தில் பின்னால் நின்று ஏழெட்டு நிமிடம் கழித்துக் கோட்டைத் தாண்டியவருக்கு நெட் டைம்தான் நியாயமான நேரம்.

ஃபினிஷ் வளைவில் ஓடும் கடிகாரத்தை நம்பி எழுதாதீர்கள். அது ஏதாவது ஒரு பிரிவின் நேரத்தைத்தான் காட்டும். அரை மாரத்தான் ஓடியவரின் தலைக்கு மேலே முழு மாரத்தானின் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

கென்யா, எத்தியோப்பியா ஓட்டக்காரர் பேரை எப்படித் தமிழ்ல எழுதுறது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதுறாங்க.

முதல் நாள் எலீட் (முன்னணி) வீரர்கள் ஹோட்டலுக்கு வரும்போது, பிப் பட்டியலை வைத்துக்கொண்டு அவரவர் வாயால் பெயரைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். ஒரு பெயருக்குப் பத்து விநாடி போதும். அதைக் கேட்டு ஒரே பட்டியல் தயாரித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

எத்தியோப்பியப் பெயரில் இரண்டாவது வருவது அப்பா பெயர். கெனெனிசா பெக்கெலே என்றால் அவர் கெனெனிசா, அப்பா பெக்கெலே. நம் இனிஷியல் மாதிரிதான். இரண்டாம் முறை குறிப்பிடும்போது "பெக்கெலே" என்று எழுதினால் அப்பாவை ஓட வைத்த கணக்கு. கென்யாவின் கலெஞ்சின் இனப் பெயர்களில் "கிப்" ஆணுக்கு, "செப்", "ஜெப்" பெண்ணுக்கு என்பார்கள், அதை நம்பி ஆண் பெண் முடிவு செய்யாதீர்கள். ஃபெயித் கிப்யேகான் பெண்தான்.

நம்மூர்ப் பெயர்களிலும் வம்பு உண்டு. பதிவுப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும், நம் ஆள் இனிஷியலைக் கடைசியில் போடுவார் அல்லது அப்பா பெயரை முழுதாக எழுதுவார். பரிசு மேடையில் அப்பா பெயர் ஒலிக்கும். பரிசு வாங்குகிறவரிடம் "பேப்பர்ல எப்படி வரணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தமிழ்ப் பத்திரிகைக்குத் தனியா செய்திக்குறிப்பு எதுக்கு? ஆங்கிலத்தையே அனுப்பினா அவங்களே எழுதிக்க மாட்டாங்களா?

எழுதுவார்கள், ஆனால் பெயரும் நேரமும் அவர்கள் ஊகப்படி வரும். தமிழில் தனியாக எழுதுங்கள், 150 முதல் 200 சொல் போதும். யார், எந்தப் பிரிவு, எத்தனை நேரம், எந்த ஊர். "2:04" என்று எழுதாமல் "2 மணி 4 நிமிடம்" என்று எழுதுங்கள். பரிசுத் தொகையை லட்சக் கணக்கில் கமா போடுங்கள். தமிழ்நாட்டு ஓட்டக்காரர்கள் எந்த மாவட்டம் என்று கட்டாயம் சேருங்கள், வெளியூர்ப் பதிப்புகளுக்கு அதுதான் தலைப்பே.

பி.டி.எஃப். மட்டும் அனுப்பாதீர்கள். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறி விழும், டெஸ்க்கில் இருப்பவர் திட்டிக்கொண்டே முழுவதையும் தட்டுவார், அல்லது தூக்கிப் போட்டுவிடுவார். யூனிகோடில், மெயிலின் உள்ளேயே ஒட்டுங்கள். ஞாயிறு பந்தயம் என்றால் 11 மணிக்குள் அனுப்பிவிடுங்கள்.

ஆயிரக்கணக்கான பேர் போனோட நிக்கிறப்ப நெட்டே கிடைக்கல. படத்தை எப்படி அனுப்புறது?

ஸ்டார்ட்டிலும் ஃபினிஷிலும் டவர் திணறும். அதற்குத்தான் இரண்டு சிம் சொன்னோம். மீடியா சென்டருக்குக் கம்பி வழி இணையம் இருக்க வேண்டும், முதல் நாள் மாலையே, பந்தய நேரத்துக் கூட்டம் இருப்பதாக நினைத்து வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். கேமராவிலிருந்து நேரே அனுப்புவதானால் நீளப் பக்கம் 2,000 பிக்சல், 1 எம்.பி.க்குள் வைத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வேண்டாம், படம் சுருங்குவதோடு உள்ளே எழுதிய பெயர்க் குறிப்பும் போய்விடும்.

இதெல்லாம் படுத்துவிட்டால் கார்டைக் கையில் கொடுத்து ஓடவிடுவதே வேகம். முடித்த கார்டை நிறக் கவரில் போட்டு, கேமராக்காரர் பெயரும் இடமும் மணியும் எழுதுங்கள். கவர் திரும்பி வராதவரை அந்தக் கார்டை யாரும் ஃபார்மேட் செய்யக் கூடாது.

இருநூறு படத்துக்கும் பேர் அடிக்கணுமா?

வேண்டாம். ஃபோட்டோ மெக்கானிக் மாதிரி மென்பொருளில் குறியீட்டை மாற்றிக்கொடுக்கும் வசதி இருக்கிறது. முதல் நாளே பிப் எண், ஒரு டேப் (கீபோர்டின் Tab) இடைவெளி, முழுப்பெயர், ஊர் என்று ஒரு எளிய எழுத்துக் கோப்பு தயார் செய்துகொள்ளுங்கள். பிறகு படக்குறிப்பில் எண்ணை மட்டும் அடித்தால் பெயர் தானாக விழும். அந்தக் கோப்பு தப்பாக இருந்தால் இருநூறு படத்திலும் தப்பு விழும், அதனால் இரண்டாம் ஆள் ஒருவர் மூலப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். கடைசி நேரத்தில் பிப் மாறியவர்களின் பட்டியலை இரவு 8 மணிக்குக் கேட்டு வாங்குங்கள்.

"என் போட்டோ எங்கே?"ன்னு நூறு பேர் கேக்கிறாங்க. என்ன சொல்றது?

பிப் எண்ணை வைத்து மென்பொருள் தேடும். பிப்பின் மேல் கை மறைத்தாலோ, பெல்ட் மடித்தாலோ, பிப்பை முதுகில் குத்தியிருந்தாலோ அகப்படாது. அப்போது அவர் சிப், பாதையில் விரித்திருக்கும் நேரம் பதியும் பாயைத் தாண்டிய நேரத்தை வைத்து, அதே நிமிடத்தில் அங்கே எடுத்த படங்களைப் பார்ப்போம். கேமரா கடிகாரம் மூன்று நிமிடம் தப்பியிருந்தால் முன்பின் தெரியாத இன்னொரு கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். முதல் நாள் இரவு போனைப் படம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். அந்தப் படம் இருந்தால் எவ்வளவு தப்பு என்று பார்த்து மொத்தமாகச் சரிசெய்துவிடலாம்.

பீச் மேல டிரோன் விட்டா அருமையா இருக்குமே?

இருக்கும், ஆனால் விட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2021 டிரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறது. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். நேப்பியர் பாலத்தைச் சுற்றிப் பாருங்கள்: தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டை ஒரு பக்கம், கடற்படையின் ஐ.என்.எஸ். அடையாறு இன்னொரு பக்கம். உயரமான கட்டடம் ஒன்றின் மாடிக்கு எழுத்தில் அனுமதி வாங்கி ஒருவரை ஏற்றுங்கள், கிட்டத்தட்ட அதே படம் கிடைக்கும்.

தூரம் தப்புன்னு எக்ஸ்ல (பழைய ட்விட்டர்) சண்டை. என் வாட்ச்ல 42.7 காட்டுதுங்கிறாங்க. என்ன பதில் போடறது?

சண்டை போடாமல் கணக்கைச் சொல்லுங்கள். பாதையை அளப்பது சைக்கிளில், முன் சக்கரத்தில் மாட்டும் ஜோன்ஸ் கவுன்ட்டரை (சக்கரச் சுற்றை எண்ணும் கருவி) வைத்து. ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாக வைப்பார்கள், முழு மாரத்தானுக்கு அது 42 மீட்டர். நாம் ஓடும்போது வளைவில் அகலமாகத் திரும்புகிறோம், தண்ணீர் மேசைக்குப் போய் வருகிறோம், ஆளைச் சுற்றிக் கடக்கிறோம். ஜி.பி.எஸ். பிழையும் சேர்ந்தால் 42.6, 42.8 வருவது சகஜம். அளவீட்டுச் சான்றிதழ் இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள்.

வாட்ச் 41.5 காட்டுகிறது என்று பலர் சொன்னால் கதை வேறு. எங்கோ திருப்பத்தில் தடுப்பு இடம் மாறியிருக்கலாம். பதில் போடாமல் பந்தய இயக்குநருக்குச் சொல்லுங்கள்.

யாராவது மயங்கி விழுந்தா எடுக்கலாமா? நிருபர் கேட்டா என்ன சொல்றது?

எடுக்காதீர்கள். முதலில் மருத்துவ வாலன்டியரைக் கூப்பிட்டு, பிப் எண்ணையும் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையும் சொல்லுங்கள். முன்பே எடுத்த படத்தில் பின்னணியில் விழுந்திருந்தால் அந்தப் படம் வெளியே போகக் கூடாது. நிருபர் கேட்டால் "ஒருவருக்குச் சிகிச்சை நடக்கிறது, விவரத்தை மருத்துவக் குழுத் தலைவர் சொல்வார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "மாரடைப்பு" என்ற சொல் நம் வாயிலிருந்து வரக் கூடாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது. குடும்பத்துக்குத் தெரியும் முன்னால் பெயர், ஊர், வயது எதுவும் போகக் கூடாது.

பெரிய விபரீதம் என்றால் முதல் வேலை, நேரம் குறித்துத் தானாகப் போகும்படி வைத்திருக்கும் பதிவுகளை நிறுத்துவது. "கொண்டாட்டம் ஆரம்பம்!" என்று ஒரு பதிவு அந்த நேரத்தில் போய்விழுந்தால் திருப்பி எடுக்கவே முடியாது. 2013 ஏப்ரல் 15-ல் பாஸ்டன் ஃபினிஷில் குண்டு வெடித்தபோது, கூட்டத்தில் நின்ற சம்பந்தமில்லாதவர்களைக் குற்றவாளி என்று வலைத்தளங்களில் படத்தோடு பரப்பினார்கள். புலனாய்வாளர்களோ அன்றைய படங்களையும் வீடியோக்களையும் பொதுமக்களிடம் கேட்டு வாங்கினார்கள். அதனால் எதையும் அழிக்காதீர்கள், எதையும் பகிராதீர்கள். கார்டுகளை மொத்தமாக மீடியா தலைவரிடம் ஒப்படையுங்கள்.

பரிசளிப்பு முடிஞ்சா கிளம்பலாமா?

பரிசளிப்புப் படங்கள் போன பிறகு ஒருவர் மட்டும் இருந்தால் போதும், ஆனால் அந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கட்-ஆஃப் நேரத்துக்கு (ஓட்டத்தை முடிக்க வைத்த கெடு) சற்று முன்னால் தள்ளாடி வருகிற கடைசி ஓட்டக்காரரை எடுக்க ஆள் வேண்டும். அந்த நேரத்தில் நல்ல வெயில் இருக்கும், ஐ.எஸ்.ஓ. 100 போதும். அதிகாலையில் வைத்த 12800-ஐ மாற்ற மறந்திருப்பீர்கள், முதலில் அதைப் பாருங்கள்.